அடைச்சிருக்கு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கச்சிராயபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. பெயர் பிரிட்டோ, ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். (எந்த ஆலை என்று கேட்காதீர்கள்.) நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஆரம்பித்தார்.

"மெர்லின்னு ஒரு பொண்ணுங்க, எங்க சர்ச்சுப் பங்குதான். ஆலையில ரெண்டு கண்ணும் போயிடுச்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நான்தான் பேப்பர் படிச்சிக் காட்டிக்கினு இருக்கேன். அதுக்குப் படிக்கிறாப்ல ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எதைப் பற்றி?"

"அன்னைக்கு நான் இன்னா சொன்னேன்னு."

2

முதல் தொடக்கம்: கொதிகலனின் உறுமலுக்கு நடுவே மெர்லின் ஒரு பறவையைப் போல...

அடித்துவிட்டேன். வேலை செய்கிற பெண்ணைப் பறவையாக்குவது எழுதுகிறவனின் சோம்பல்.

இரண்டாவது: நீராவிக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் கருவி பழுதாகியிருந்தது. அதைக் கழற்றிப் புதியதை மாட்ட மெர்லின் மேல்மேடைக்கு ஏறினாள். ஒயரைப் பிரித்துவிட்டதால் கருவியின் திரை இருண்டிருந்தது. கீழே பிரிட்டோ. அவர் வால்வை மூட வேண்டும். பிறகு வடிகுழாயைத் திறந்து, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்ற வேண்டும். அவர் வால்வைத் தொடுமுன், வடிகுழாயை முதலில் திறந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை; குழாயில் அடைப்பு.

"அண்ணே, வால்வு அடைச்சாச்சா?"

இரைச்சலில் அவருக்கு 'அண்ணே' மட்டும்தான் கேட்டது. வடிகுழாயைப் பார்த்தபடியே கத்தினார்.

"அடைச்சிருக்கு!"

மெர்லின் நட்டில் ஸ்பானரை வைத்தாள்.

[அடிக்குறிப்பு: நம் ஊரில் கதவையும் அடைப்போம், சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். ஒரே சொல் இரண்டு பக்கமும் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.]

3

பிரிட்டோவை நான் உடனே நம்பிவிடவில்லை. வால்வை மூட மறந்தவர், பிறகு இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால்? அப்படியும் எழுதிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டமே சந்தேகம் தர, கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். கருவியில் ஒரு சின்னத் திருகு உண்டு. நட்டைத் தொடுமுன் அதை மெல்ல இளக்கி, ஆவி வந்து ஓய்வதைப் பார்க்க வேண்டும். (ஒன்றுமே வராவிட்டால் இன்னும் ஜாக்கிரதை; துளை அடைத்திருக்கலாம்.) மெர்லின் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னபிறகு என்ன என்று இருந்துவிட்டாள். மெர்லின், இது உறுத்தும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

விசாரணையில் அவள் சொன்னது: "மூடியாச்சின்னாரு. அத நம்பித்தான் தொட்டேன்."

அன்றிலிருந்து பிரிட்டோ ஊருக்குப் பொய்யர்.

"நீங்களே அவளிடம் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா தப்பிச்சிக்கப் பேசுறேன்னு நெனைக்கும்ங்க. அது கேக்கவும் இல்ல. பேப்பர் படிங்கண்ணேன்னு மட்டும் சொல்லும்."

4

முடிவு, ஒன்று: மெர்லின் இறங்கி வந்து வால்வைத் தானே பார்க்கிறாள். கண்கள் தப்பிக்கின்றன. அழகான முடிவுதான். ஆனால் கேட்கப்போகிறவள், அந்த ஆவியை முகத்தில் வாங்கியவள்.

முடிவு, இரண்டு: அவள் பிரிட்டோவின் கையைப் பிடித்து, மன்னித்து...

இல்லை. பிடிக்க வேண்டிய கை அவளுடையது. அதை நீட்ட எனக்கு உரிமை கிடையாது.

பிரிட்டோ, இதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால், நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும். இனி என்னிடம் வரி இல்லை.

வாசகரே, வாருங்கள், நாம் வெளியே போய் நிற்போம்.

பிரிட்டோ, தாளை மடித்து வையுங்கள். இனி அவள் பேசட்டும்.