நாத்தனார் சாட்சி

என் கூடப்பிறந்த தம்பிக்கு எதிராக, அவன் மனைவிக்காகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவள் நான். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். கழுத்து வலித்தால் தானாகத் திரும்புவார்கள்.

தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கை நீட்டியதே கிடையாது. கட்டினவளோடு பேச மாட்டான், அவ்வளவுதான். நண்பர்கள் முன்னால் அவன் சொன்ன ஏதோ ஒரு ரயில் நேரத்தை அவள் தப்பென்று திருத்திவிட்டாளாம். அன்றைக்கு மூடிய வாய். அவள் கெஞ்சினாள், அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். ம்ஹூம். வருஷங்கள் ஓடின.

ஏதாவது சொல்ல வேண்டுமானால் எனக்குப் போன் செய்வான். நான் என் தையல் கடையில் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருப்பேன்.

"அக்கா, ஃபேனை நிறுத்தச் சொல்லு."

"யாரை?"

"அவளைத்தான்."

"அவ எங்க இருக்கா?"

"இங்கதான், எதிர்ல."

எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு நான் போன் போட்டு ஃபேனை நிறுத்தச் சொல்ல வேண்டும்! முதலில் சிரித்தேன். பிறகு திட்டினேன். "ஏன்டா, நீ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டால் போனை வைத்துவிடுவான்.

ஒரு நாள் மத்தியானம் அதே மாதிரி போன் வந்தது.

"அக்கா, அவ கீழ விழுந்து கிடக்கா. எழுந்திருக்கச் சொல்லு."

கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி ஓடினேன். சமையலறைத் தரையில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவன் ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். படுபாவி. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "அவரு என்னைக் கூப்பிட்டாரா அண்ணி?"

"உன்னை இல்லடி, என்னை" என்றேன். அவள் அழவில்லை. உடம்பு தேறியதும் வக்கீலம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்து திருமணச் சட்டத்துல மனக்கொடுமைக்கும் விவாகரத்து உண்டு" என்றார் வக்கீலம்மா. "ஆனா இதுல காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியாதே. நல்ல சாட்சி வேணும்."

"நான் வர்றேன்."

"நீங்க அவருக்கு அக்காவாச்சே?"

"அதனாலதான் வர்றேன்."

கோர்ட்டில் தம்பியின் வக்கீல் என்னைப் பிடிபிடி என்று பிடித்தார்.

"உங்க தம்பி அவங்களை அடிச்சாரா?"

"இல்ல."

"செலவுக்குப் பணம் தராம இருந்தாரா?"

"தந்தான்."

"அப்புறம் என்னதாம்மா கொடுமை?"

"உங்க வீட்டுல ஒரு மாசம் யாரும் உங்ககூடப் பேசாம இருக்கட்டும் ஐயா. அப்புறம் வந்து என்னைக் கேளுங்க."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார் நீதிபதி. நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் விழுந்து கிடந்த கதையைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"இவங்களோட சேர்ந்து வாழ விருப்பமா?"

"விருப்பம்தான் ஐயா" என்றான். வகுப்பறையில் பேசுகிற அதே கணீர்க் குரல்.

"நல்லது. அதை அவங்ககிட்டயே சொல்லுங்க. இப்பவே, இங்கயே."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அவள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று அவன் வக்கீல் காதோடு அவசரப்படுத்தினார்.

தம்பி தொண்டையைக் கனைத்தான். அவளைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அவளை வீட்டுக்கு வரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றேன். "உன் எதிர்லதான நிக்கறா. நீயே சொல்லு."

நீதிபதி என்னை அதட்டவில்லை. இன்னொரு தரம் அவனிடம் பொறுமையாகக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

தீர்ப்பு சொன்ன அன்றைக்கு, மனக்கொடுமை நிரூபணமாகிவிட்டது, விவாகரத்து உண்டு என்று கேட்டதும் எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ஜெயித்துவிட்டோம்! வராந்தாவிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போது தம்பி எங்கள் பின்னாலேயே வந்து நின்றான். என்னைப் பார்த்தான், நான் முறைத்தேன். வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"மாடிக் கதவுச் சாவி எங்க?"

இத்தனை வருஷம் கழித்து அவளிடம் அவன் பேசிய பேச்சு. பதில் சொல்லாதே, தவிக்கட்டும் என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"பீரோ மேல, நீலப் பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள் நிதானமாக. "பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க."

படி இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி சொன்ன? அலையட்டும்னு விட வேண்டியதுதான?"

"கேட்டாரு, சொன்னேன். அவர மாதிரி நானும் ஆயிடக் கூடாதுன்னுதான அண்ணி கோர்ட்டுக்கே வந்தேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பார்க்கப்போகிற வாடகை வீடு, தேட வேண்டிய வேலை, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்று மூச்சுவிடாமல் பேசினாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை, நானும் இறங்கவில்லை.