பஞ்சு மாஸ்டர் மறைக்காத காயம்

மரக்கடை முதலாளி சாக்கைத் தூக்கி மேசைமேல் போட்ட வேகத்தில் பசைக் கிண்ணம் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. பஞ்சு மாஸ்டர் அப்போது கண்ணாடிக் கண்களைத் துடைத்து, ஜோடி பார்த்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே கம்பியும் பஞ்சும் வைத்துத் தைத்து, உயிரோடு நிற்பதுபோல் ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். பாடம் செய்வது என்று அதற்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களோடு சரி. ஊருக்கு அவர் பஞ்சு மாஸ்டர்தான்.

"நரி மாஸ்டர்! நூறடி தூரம். தலைதெறிக்க ஓடிட்டிருக்கு. ஒரே குண்டு, பொத்துன்னு விழுந்துச்சு!"

நரி ஓடியதோ இல்லையோ, சொல்லும்போது முதலாளிக்குத்தான் மூச்சு வாங்கியது. வேட்டை விளையாட்டுக் கழகத்துக்கு அவர் செயலாளர். மரக்கடையில் உட்கார்ந்தபடியே ஊரை ஆட்டிவைப்பவர். எதிரில் நிற்பவர் உட்காரலாமா என்பதைக்கூட அவர் புருவம்தான் முடிவு செய்யும்.

"இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை ஆண்டு விழா. விளையாட்டு வாரியத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. வேட்டையாடறது, பொறி வைக்கறது ரெண்டையும் விளையாட்டுப் பட்டியல்ல சேருங்கன்னு மனு குடுத்திருக்கோம்ல? அந்தம்மா முன்னாடி திரையை விலக்கினா நரி பாறைமேல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கணும். கம்பீரமா! என்ன?"

"செஞ்சுடலாம் சார்."

"வீட்டுக்காரம்மா கால் எப்படி இருக்கு?" என்று வாசலில் திரும்பிக் கேட்டார் முதலாளி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் சாக்கை அவிழ்த்தார். காதுக்குப் பின்னால் குண்டு பாய்ந்த ஓட்டை. அதைச் சுற்றி முடி கருகியிருந்தது. நூறடி தூரத்திலிருந்து சுட்டால் முடி கருகாது. துப்பாக்கியைத் தலையில் வைத்து அழுத்திச் சுட்டால்தான் கருகும். மாஸ்டர் உதட்டைச் சுழித்துக்கொண்டார். இதெல்லாம் அவருக்குப் புதிதல்ல. முன்னங்கால் பாதத்துக்கு மேலே எலும்பு தெரியக் கடித்துக் குதறப்பட்டிருந்ததும் புதிதல்ல. இரும்புப் பொறியில் மாட்டிய விலங்கு, தப்பிக்க வேறு வழி தெரியாமல் தன் காலைத் தானே கடிக்கும். கழகத்திலிருந்து வரும் உருப்படிகளில் பாதிக்கு இப்படி ஒரு கால் இருக்கும்.

அந்தக் காலை மாஸ்டர் சுண்ணாம்புக் கலவையில் செய்துவிடுவார். விரல்களை வார்த்து, மேலே முடி ஒட்டி, சாயம் தடவினால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. யாரும் அவரிடம் செய்யச் சொன்னதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. அழகுக்காகச் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இருபது வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ரத்தம் போக அந்தக் காலைத் தண்ணீரில் காட்டினார். பொறியின் பற்கள் பதிந்த துளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூன்று துளைகள். அப்புறம் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை. மறுபடியும் இரண்டு துளைகள்.

மாஸ்டர் விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடியும் எண்ணினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தத் துளைகளை அவருக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் மருந்து தடவித் துணி சுற்றுகிறாரே, அவர் மனைவியின் வலது கணுக்காலில் இருப்பதும் அதே கணக்குதான். மூன்று, ஒரு இடைவெளி, இரண்டு.

அவள் தையல்காரி. மிதிக்கும் மெஷினில் உட்கார்ந்தால் அந்தத் தெருவுக்கே சத்தம் கேட்கும். துணி கொடுத்துவிட்டு ஆற்றோரக் காட்டுப் பாதையில் திரும்பி வந்தவள், இலைக்குள் மறைத்துவைத்த பொறியில் கால் வைத்துவிட்டாள். நாலு மணி நேரம் கத்தினாள். மாடு தேடி வந்தவர்கள் கம்பியால் நெம்பிக் காலை எடுத்தார்கள். மறுநாள் போலீஸோடு போய்ப் பார்த்தபோது அங்கே பொறியைக் காணவில்லை. இன்னாருடையது என்று நிரூபிக்க வழியில்லாமல் வழக்கு படுத்துவிட்டது. "எங்க ஆளுங்க அந்தப் பக்கமே போறதில்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் செயலாளர்தான்.

கையெழுத்துப் போட்டவன், கவலையே இல்லாமல் அதே பொறியை மறுபடியும் வைத்திருக்கிறான். மாஸ்டர் முக்காலியிலிருந்து எழுந்தார். நரியைத் தூக்கிப் போய், அதன் காலை ஒரு துணியில் ஏந்தி, முன்னறையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் காட்டினார்.

அவள் நரியின் காலைப் பார்த்தாள். புடவையை விலக்கித் தன் காலைப் பார்த்தாள். விரல் வைத்து அளந்தாள். தையல்காரியின் விரலுக்கு அளவு தப்புமா?

"அந்த மரக்கடைக்காரனா?"

"ஆமா."

"உங்க அலமாரியில விஷ டப்பா இருக்குல்ல, தோல்ல பூச்சி வராம இருக்கத் தடவுறது? அவன் அடுத்த தடவை வரும்போது டீயில கலந்து குடுங்க."

"என்னம்மா பேசற நீ!"

"சும்மா சொல்லலீங்க. மனசாரத்தான் சொல்றேன்." அவள் குரல் உயரவேயில்லை. நரியின் பாதத்தைத் துணியால் மூடினாள். "வேணாம். செத்துட்டா அவனுக்கு என்ன தெரியும்? பேருக்காகவே வாழறவன். அந்தப் பேர்ல கை வைக்கணும். நாலு பேர் நடுவுல, அவன் நிமிர்ந்து நிக்கற நேரமாப் பாத்து."

பிறகு சட்டென்று கேட்டாள்.

"இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி கால் வந்திருக்கா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்திருக்கு. ஒட்டிக் குடுத்திருக்கேன்."

"அப்போ என் காலையும் பூசி மெழுகிருப்பீங்க. நான் பேசறதாலதான் தப்பிச்சேன்."

அன்று இரவு காலுக்குத் துணி சுற்ற வந்தவரை அவள் விடவில்லை, தானே சுற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் மாஸ்டர் மரக்கடைக்குப் போனார்.

"சார், ஒரு யோசனை. நரியைப் பிடிச்ச பொறியையும் கூடவே வச்சா வாரியத்து அம்மா அசந்துடுவாங்க."

நரி ஓடும்போது சுட்டதாகச் சொன்னது முதலாளிக்கு மறந்தே போய்விட்டது. புகழ்ச்சி காதில் விழுந்தால் அவருக்குப் புத்தி அந்த மட்டும்தான். எழுந்து போய்ப் பொறியை அவரே எடுத்துவந்தார்.

"நம்ம கைராசிப் பொறி மாஸ்டர். ஒரு பல்லு உடைஞ்சு போச்சு, ஆனா தூக்கிப் போட மனசு வரல. இது வச்ச இடத்துல வெறுங்கையோட திரும்பினதே இல்ல!"

"தெரியும் சார்," என்றார் மாஸ்டர். அந்த இரும்பைக் கையில் வாங்கியபோது அதை அவர் தலையிலேயே போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். இத்தனை வருடமும் மறைப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. இப்போது எதையும் மறைக்காமல் செய்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடிக் கண்ணை எங்கே வைத்தால் வலி தெரியும் என்பது அவர் கைக்குப் பழகியிருக்கவில்லை. நாலு முறை எடுத்து எடுத்து வைத்தார். முதுகுத் தையலை மனைவி போட்டாள். ஊசியைக் குத்தி இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். யாரை நினைத்துக் குத்துகிறாள் என்று மாஸ்டர் கேட்கவில்லை.

விழா அன்று விடியுமுன் மாஸ்டரே நரியைக் கொண்டுவந்து மேடைத் திரைக்குப் பின்னால் வைத்தார். காலையில் கழகத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. நாலு சுவரோரமும் மாஸ்டர் செய்த விலங்குகள் நின்றன. மான், காட்டுப்பூனை, கீரி, முள்ளம்பன்றி எல்லாமே தலைநிமிர்ந்து, குறையில்லாமல் நின்றன. வாரியத்து அம்மா ஒரு காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வாங்கியவர். முதல் வரிசையில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். வீரம், பொறுமை, இயற்கையோடு நேருக்கு நேர் மோதுவது என்று விளாசித் தள்ளிவிட்டு, "இதோ, இந்த வருஷக் கோப்பைக்கான உருப்படி!" என்று திரையை இழுத்தார். கைதட்டல் தொடங்கி, பாதியிலேயே நின்றுபோனது.

பாறையும் இல்லை, கம்பீரமும் இல்லை. நரி தரையில் புரண்டு கிடந்தது. ஒரு முன்னங்கால் பொறிக்குள். அதன் வாய் அந்தக் காலையே கவ்வியிருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தப்பிக்கத் தோண்டித் தோண்டி மற்ற மூன்று பாதங்களிலும் நகம் தேய்ந்து போயிருந்தது. காதுக்குப் பின்னால் கருகிய முடி. ஒரு கண் மேலே பார்த்தது, யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோல.

"என்னய்யா இது!" முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. மைக் கையில் இருப்பதையும் மறந்து கத்தினார். "என்னைப் பழி வாங்கறியா?"

"ஆமா சார், பழிதான் வாங்கறேன்," என்றார் மாஸ்டர். "நீங்க குடுத்த நரி. நீங்க குடுத்த பொறி. நான் எதையும் கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல."

அவர் மனைவி ஊன்றுகோலை ஊன்றி மேடைக்கு வந்தாள். யாரையும் கேட்காமல் செயலாளரின் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலில் சுற்றிய துணியை அவிழ்த்து, வலது காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். வாரியத்து அம்மா எழுந்து வந்து பொறியின் பற்களைப் பார்த்தார். பிறகு கணுக்காலைப் பார்த்தார். மூன்று, ஒரு இடைவெளி, இரண்டு. பார்த்து முடித்ததும் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"நரி இதுல எத்தனை நாள் கிடந்துச்சு?"

"அது... ஒரு மூணு நாள் இருக்கும். கடையில வேலை அதிகம். அம்மா, இது தைரியத்தை வளக்கற விளையாட்டு..."

"யாரோட தைரியத்தை? மூணு நாளும் நீங்க கடையிலதானே இருந்தீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. ஊரை ஆட்டிவைத்தவர் மைக்கைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். எட்டு மாதமாக எரிந்த வயிறு குளிர்ந்தது மாஸ்டருக்கு.

"நானும் ஒண்ணு சொல்றேன்," என்றாள் தையல்காரி. "விளையாட்டுல தோத்தவங்க வீட்டுக்குத் திரும்பிப் போவாங்க. சாப்பிட்டுத் தூங்கி, அடுத்த வாரம் மறுபடியும் ஆட வருவாங்க. தோத்தது காலையோ உயிரையோ விட்டுட்டுத்தான் போகணும்னா, அதுக்குப் பேர் விளையாட்டு இல்ல."

வாரியத்து அம்மா மனுவை மடித்து முதலாளியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். போலீஸுக்குச் சொல்லுங்கள் என்று தன்னோடு வந்தவரிடம் சொன்னார். பிறகு சுவரோரம் நின்ற விலங்குகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் கேட்டார்.

"அப்போ இதெல்லாம்?"

மாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி தீர்ந்தது, தொழிலும் பிழைத்தது என்று வீட்டுக்குப் போகலாம். மனைவியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்த அதே கண்ணால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். காட்டுப்பூனையின் அருகே உட்கார்ந்து, பின்னங்காலில் தையலை அறுத்தார். சுண்ணாம்புப் பாதம் கழன்று தரையில் விழுந்து உடைந்தது. அடுத்தது மான். அதற்கடுத்தது கீரி. ஒவ்வொரு பொய்க்காலாக விழுந்தது.

"உன் பொழப்புல நீயே மண்ணைப் போட்டுக்கறியேய்யா!" என்று முதலாளி அலறினார்.

"போகட்டும் சார்." மாஸ்டரின் கை நிற்கவில்லை. "நீங்க கொன்னுட்டு விளையாட்டுன்னீங்க. நான் மறைச்சுட்டுத் தொழில்னேன். கொன்ன கையும் மறைச்ச கையும் ஒண்ணுதான். போலீஸுக்குச் சொல்றப்போ இதுல என் பங்கையும் இந்த அம்மா சேத்துச் சொல்லட்டும்."