நூற்று ஐம்பத்தேழு கன அடி

"முதல் சட்டி கான்கிரீட் கொட்டற நேரத்துல உங்க அக்கா எதுக்க நின்னா விளங்குமா? நீங்களே சொல்லுங்க!"

தம்பி பெண்டாட்டி தன் புருஷனிடம்தான் கேட்டாள். ஆனால் சமையற்கட்டு வரைக்கும் கேட்கட்டும் என்றே கேட்டாள்.

சமையற்கட்டில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி ஒன்றும் உலகத்தைக் கேட்டுவிடவில்லை. ஊர் நூலகத்தைக் கட்டும் ஒப்பந்தம் தம்பிக்குக் கிடைத்திருந்தது. பந்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி அதற்கு ஒரு கூரை. கான்கிரீட் போடும் அன்றைக்கு ஓரமாக நின்று பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "நாலு பேரு வர்ற இடம். புருஷன் போனவ வந்து நின்னா வாய்க்கு வந்தபடி பேசுவானுங்க."

புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளுக்குச் சோறு, தம்பிக்குக் கணக்கு. உருளைத் தொட்டியோ, கூம்பாகக் குவித்த மணலோ, மேலே அகன்று கீழே குறுகிய குழியோ, எத்தனை கன அடி என்று அவள்தான் போட்டுத் தருவாள். ஒரு சட்டி கூடாது, ஒரு சட்டி குறையாது. "எப்படிய்யா இவ்வளவு கச்சிதமா?" என்று இன்ஜினியர் வாய் பிளந்தால், தம்பி மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் அனுபவம் சார்" என்பான். அடேயப்பா, அனுபவமாம்!

"அப்போ இந்தக் கணக்கையும் நீயே போட்டுக்கோ," என்றாள் அக்கா.

"போட்டா போச்சு. இது என்ன பெரிய பிரம்மவித்தையா?"

போட்டான். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மேஜை துடைக்க வந்தவள் பார்த்தாள். தரையின் வட்டத்தைக் கண்டுபிடித்து, கான்கிரீட்டின் தடிமனான அரையடியால் பெருக்கி, நூற்று ஐம்பத்தேழு கன அடி என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான். காலமெல்லாம் தட்டைக் கூரை போட்டவன் புத்தி! வட்டத்தை மூடும் தட்டும், அதே வட்டத்தின்மேல் எழும்பி நிற்கும் அரைக்கோளமும் அவனுக்கு ஒன்றுதான். வேண்டியதில் பாதிகூட இல்லை.

பழக்கம், கை தானாகப் பென்சிலை எடுத்துவிட்டது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அனுபவி ராசா, அனுபவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த பத்து நாளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

கான்கிரீட் போட்ட அன்று மத்தியானம் தம்பி வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஜல்லி, மணல் எல்லாம் தீந்துபோச்சு. கூரை பாதியில நிக்குது. இன்னும் எவ்வளவு வேணும்? சீக்கிரம் சொல்லு!"

"நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும்," என்றாள். பச்சைப் பொய்.

தம்பி பெண்டாட்டி வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

கூரை பாதி உயரம்கூட எட்டாமல் மொட்டையாக நின்றது. கீழே இன்ஜினியர் குதித்துக்கொண்டிருந்தார். "ஒரே மூச்சுல போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இனி ஜல்லி வந்து சேரச் சாயங்காலமாகும். அதுக்குள்ள இது இறுகிடும். ஒட்டுப்போட்ட கூரைக்குக் கீழ புள்ளைங்கள உக்கார வெச்சுப் படிக்கச் சொல்றதா? எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளுங்க. யாருய்யா போட்ட கணக்கு இது?"

தம்பி அக்கா பக்கம் கையைக் காட்டினான். "எங்க அக்கா சார். இதோ நிக்கறாளே, எல்லாக் கணக்கும் இவதான் போடுவா."

பதினோரு வருஷம் வாயில் வராத உண்மை இன்றைக்கு வந்துவிட்டது, அதுவும் பொய்யாக. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே கிடந்த சாக்கட்டியை எடுத்துச் கூரைக்கு முட்டுக்கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகையில் விறுவிறுவென்று எழுதினாள்.

"வெளிப்பக்கத்து அரைக்கோளத்துக்கு ஆரம் பத்தரை அடி, உள்பக்கத்துக்குப் பத்து. ரெண்டுக்கும் கன அளவு கண்டுபிடிச்சு, பெருசுலேருந்து சின்னதக் கழிக்கணும் சார். முன்னூத்தி முப்பது கன அடி. இவன் போட்டது வெறும் தரைக்கு. தாளு அதோ அவன் சட்டைப் பையில துருத்திக்கிட்டிருக்கு, கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

இன்ஜினியர் தாளை வாங்கிப் பார்த்தார். பலகையையும் பார்த்தார். "இந்தத் தப்ப முன்னாடியே பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். பத்து நாளா தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஓரமா நிக்கக்கூட ஆகாதவ. அவ கணக்கு மட்டும் ஆகுமா சார்?"

தம்பி பல்லைக் கடித்தான். "கூடப் பொறந்தவளா நீ? என் குடியக் கெடுத்துட்டியேடி!"

"பதினோரு வருஷமா நான் போட்டத நீ போட்டதுன்னே சொல்லிக்கிட்ட. நிஜமாவே நீ போட்டது இது ஒண்ணுதான். நல்லா பாத்துக்கோ."

கடப்பாரைகள் ஏறின. அரைகுறையாக இறுகிய கான்கிரீட் பொத்பொத்தென்று விழத் தொடங்கியது. அக்கா ஒரு பலகையை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மேல தெறிக்கும்மா, தள்ளி உக்காருங்க," என்றான் ஒரு வேலைக்காரன்.

"தெறிக்கட்டும்," என்றாள்.