யாரோ இறுக்கிய நட்டுகள்

இருதயம் செந்தூல் ரயில்வே பணிமனையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். அவன் வேலை செய்த பிரிவில் ஒரு சட்டம் உண்டு. இன்னொருவன் இறுக்கிய நட்டை நம்பக் கூடாது. கழற்றிப் பார்த்து, நீயே மறுபடி இறுக்கி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டு வாசலில் நின்றது ஒரு மோரிஸ் மைனர் பிக்கப். கிள்ளானில் இரும்புக்கடை வைத்திருந்த சாத்தப்பன் அதை இருபது வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டு, கடைசியில் கோழி அடைய விட்டிருந்தார். 1982 ஜனவரியில் இருதயம் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தான். பழுது பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. பழைய டைனமோவைத் தூக்கி எறிந்துவிட்டு டாட்சன் காரின் ஆல்டர்னேட்டரை மாட்ட வேண்டும், முகப்பு விளக்கு புதிதாக எரிய வேண்டும் என்று திட்டம் வளர்ந்துகொண்டே போனது. வண்டிக்கென்று ஒரு பள்ளிக்கூட நோட்டும் வாங்கினான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, விவரம், கையெழுத்து. சொந்த வாசலில் நிற்கிற வண்டிக்கு யாரிடம் பதில் சொல்லப்போகிறான் என்று கேட்காதீர்கள். பழக்கம் அப்படி.

குழப்பம் ஹாரனில் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை ஊமையாக இருந்த ஹாரன், புதன்கிழமை மாலை அவன் முழங்கை பட்டதும் அலறியது. நேற்றே சரி செய்துவிட்டோம் போல என்று நினைத்து நோட்டில் எழுதினான். அடுத்த வாரம் வைப்பர் தானாக ஆடியது. அதற்கடுத்து, மீட்டருக்குப் பின்னால் கொடிபோல் தொங்கிய வயர்களெல்லாம் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக, பின்னல் போட்ட தலைமுடி மாதிரி அடங்கிக் கிடந்தன. இருதயத்துக்கு அப்படி முடிச்சுப் போடத் தெரியாது. தெரியாத முடிச்சை எப்போது போட்டோம் என்றும் தெரியவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. எல்லாவற்றையும் அவிழ்த்து, தன் பாணியில் கட்டி, கையெழுத்துப் போட்டான். மறுநாள் மாலை வந்து பார்த்தால் மறுபடி அதே முடிச்சுகள்.

பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் சின்னையா மேல் சந்தேகம் வந்தது. வேலிக்கு இப்பால் நின்று நேராகவே கேட்டுவிட்டான்.

"சின்னையா, என் வண்டில கை வைக்கிறியா?"

"உங்க வண்டியா? அண்ணே, என் டாக்சி கதவே கயித்துல கட்டியிருக்கு லா. அத விட்டுட்டு உங்களுதுக்கு வருவனா? ஏன், எதும் காணாமப் போச்சா?"

"காணாமப் போகல. ரிப்பேர் ஆகுது."

சின்னையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரிப்பேர் ஆகுதுன்னா நல்லதுதானே அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மனைவி சாந்தமேரியிடம் கேட்கலாம். ஆனால் அவளைப் பார்த்தால்தானே கேட்க? சுங்கை வேயில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு நிரந்தர மாலை ஷிப்ட். இவன் காலை ஏழுக்குப் போகும்போது அவள் தூங்குவாள். அவள் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால், திரும்பி வரும்போது இவன் குறட்டையில் இருப்பான். மகளும் கல்யாணம் கட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போனபின், ஆறு வருடமாகக் குடும்பம் உப்பு ஜாடிக்கு அடியில் வைக்கும் சீட்டில்தான் நடந்தது. 'மீன் குழம்பு இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.' 'கேஸ் முடிஞ்சிருச்சு.' ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சேர்ந்து போவார்கள். வந்ததும் அவள் சமையலில், இவன் வண்டிக்கு அடியில்.

அந்த ஜாடிக்கு அடியில் ஒரு சீட்டு வைத்தான். 'பகல்ல வண்டிகிட்ட யாராச்சும் வந்தாங்களா?'

மறுநாள் பதில் இருந்தது. 'வெளி ஆள் யாரும் வரல.'

அப்படியானால் தான்தான். தானே செய்துவிட்டுத் தானே மறக்கிறோம். இந்த எண்ணம் வந்ததும் இருதயம் பயந்துபோனான். காரணம் இருந்தது. அவன் அப்பாவும் ரயில்வேக்காரர்தான். ஐம்பது வயதில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்து ஜாலான் ஈப்போ என்கிற பெரிய சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளின் பெயர் போனது. கடைசியில் சோற்றைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். இருதயத்துக்கு வயது நாற்பத்தெட்டு.

மார்ச் மாதம் பாட்டரி விவகாரம் வந்தது. பழைய மோரிஸில் பாட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். ஆல்டர்னேட்டரைப் பொருத்திவிட்டு, அதன் தடித்த வயரை மட்டும் சனிக்கிழமைக்கு விட்டுவிட்டு, பாட்டரியை எப்போதும்போல மாட்டினான். 'பிளஸ் உடம்புக்கு. தடி வயர் சனிக்கிழமை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அடுத்த நாள் பாட்டரி திரும்பியிருந்தது; மைனஸ் உடம்பில் இருந்தது. நோட்டில் தன் கையெழுத்து ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது. திருப்பி மாட்டினான். மறுநாளும் அது திரும்பியிருந்தது. மறுபடி மாட்டினான். வியாழக்கிழமை வந்து பார்த்தபோது பாட்டரி கேபிளே இல்லை.

கட்டிலுக்கு அடியில் தேடினான், குளியலறையில் தேடினான், சோற்றுப் பானையைக்கூடத் திறந்து பார்த்தான். பானைக்குள் கேபிளைத் தேடுகிறவன் யாராக இருப்பான் என்று யோசித்ததும் அழுகை வந்துவிட்டது. அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஏழுக்குக் கிளம்பி, பணிமனைக்குப் போகாமல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போனான். டாக்டர் தேதி கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா தூங்குங்க," என்றார் டாக்டர்.

ஒன்றும் இல்லை என்றால் கேபிள் எங்கே? இன்னும் குழம்பித்தான் பஸ் ஏறினான். வீட்டு முனையைத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை.

பிக்கப்பின் முன்மூடி திறந்திருந்தது. அதற்குள் குனிந்து நின்றாள் சாந்தமேரி. தலையில் தொழிற்சாலைத் தொப்பி, கையில் கரன்ட் பார்க்கிற ஒரு சின்ன மீட்டர், தோளில் அந்தக் கேபிள்.

"மேரி," என்றான்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு, பிடிபட்டது பிடிபட்டதுதான் என்பதுபோல மீட்டரைக் கீழே வைத்தாள்.

"ஆல்டர்னேட்டர்ல டயோடு இருக்குங்க, கரன்ட ஒரு பக்கமா மட்டும்தான் விடும். பாட்டரிய உங்க மாதிரி மாட்டிட்டு அந்தத் தடிச்ச வயர மாட்டுனா ஒரே செகண்ட்ல கருகிரும். நானும் திருப்பித் திருப்பி வைக்கிறேன், நீங்களும் திருப்பித் திருப்பி மாத்துறீங்க. நாளைக்குச் சனிக்கிழமை. அதான் கேபிள ஒளிச்சு வச்சேன்."

"உனக்கு எப்படி…"

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் டயோடு பாக்குறேன். ஆறு வருசமா."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டேனே. பிப்ரவரில, ஞாயித்துக்கிழம. வயரிங் வேலைய நான் பாக்குறேன்னேன். 'இது என்ன ரேடியோவா, கைய வச்சிடாத'ன்னீங்க."

இருதயம் யோசித்துப் பார்த்தான். நினைவில் இல்லை. இத்தனை நாளில் அவன் உண்மையிலேயே மறந்தது அது ஒன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸ் போனதைச் சொன்னான். அப்பாவைப் போல ஆகிறோம் என்று பயந்ததைச் சொன்னான். சின்னையாவிடம் கேட்டதையும் சொன்னான். சாந்தமேரி பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள். ஆனால் பிடித்த கை கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது.

"பைத்தியம்னு நினைச்சீங்க. சின்னையா அண்ணன்னு நினைச்சீங்க. என்னைய நினைக்கவே இல்லையா?"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவன் வெட்கத்தில் ஆல்டர்னேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கேபிளை மாட்டி, தடித்த வயரையும் இணைத்து, நட்டை இறுக்கிவிட்டு ஸ்பானரை அவனிடம் நீட்டினாள். "கழட்டிப் பாத்துக்கோங்க. உங்க வழக்கம் அதானே."

ஸ்பானரை வாங்கினான். இருபத்தாறு வருடத்துக் கை தானாக நட்டின் பக்கம் போனது. அதை இழுத்துக்கொண்டு, ஸ்பானரை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. சார்ஜ் விளக்கு சிவப்பாக மினுங்கி அணைந்தது.

கீழே இறங்கி நோட்டை எடுத்து, பாட்டரிப் பக்கத்தைத் திறந்து, தன் கையெழுத்தை அடித்தான். பென்சிலை அவளிடம் கொடுத்தான்.

"இறுக்குனவங்கதான் கையெழுத்துப் போடணும்."

சாந்தமேரி முன்மூடி ஓரத்தில் நோட்டை வைத்துத் தன் பெயரை எழுதினாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்காமல் முதல் பக்கத்துக்குப் போனாள். ஹாரன். அவன் கையெழுத்தை அடித்துத் தன் பெயரை எழுதினாள். வைப்பர். மீட்டர் வயர். பிரேக் லைட். சிக்னல். அவள் செய்து, தெரியாமலே அவன் கையெழுத்துப் போட்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் அவசரப்படவில்லை. இருதயம் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பக்கத்தையும் அவளுக்காகப் பிடித்துக்கொண்டான்.

முனையில் இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. சாந்தமேரி தலையைத் தூக்கவில்லை. இன்னும் நாலு பக்கம் பாக்கி இருந்தது.