கோல்பி எங்கே தூங்குகிறான்

சனிக்கிழமை காலையில் கெரிகன் ஊருக்குள் திருடன் வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம்தான். ஆண்பிள்ளை ஒருத்தன்கூட வீட்டில் இருக்கமாட்டான். எல்லாரும் ஆர்லீன் கடையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முட்டையும் பன்றிக்கறியும் தின்றுகொண்டு, முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூடப் பையன்கள் ஆடி முடித்த ஃபுட்பால் ஆட்டத்தை இன்னொரு தடவை வாயால் ஆடிக்கொண்டிருப்பார்கள். பையன்கள் ஆடினால் ஒரு முடிவு வரும். இவர்கள் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. ஆர்லீன் வந்து தட்டைப் பிடுங்கினால்தான் எழுந்திருப்பார்கள்.

லோவெல் பிரிச்சர்ட் அந்த மேஜையின் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே புது மரியாதை. அவர் மகன் கோல்பி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் விழமாட்டான். அவன் வந்த பிறகு இந்த சீசனில் கெரிகன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. வட்டாரத்தில் முதல் இடம். வருகிற வெள்ளிக்கிழமை, வட்டாரத்தின் முதல் நாலு அணிகள் மட்டும் போகிற பிளேஆஃப் ஆரம்பம். கோல்பியைப் பார்க்க ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வருவதாகவும் பேச்சு. அதனால் லோவெலின் காபிக்கு ஆர்லீன் காசு வாங்குவதில்லை. யாராவது தோளைத் தட்டினால் லோவெல் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் நாடின் செத்துப்போனதிலிருந்து அவர் அப்படித்தான் இருக்கிறார். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, தட்டினால் கால் இருப்பது தெரியும், வலிக்காதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க. அழுகை வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. டோல்பர்ட்டில் அவள் இருந்த வீட்டில் இருக்க முடியாமல், விற்பனைப் பலகையை முற்றத்தில் நட்டுவிட்டு, பஞ்சு ஆலையில் வேலை இருக்கிற கெரிகனில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் கோல்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எந்த ஊருக்கு ஆடுகிறானோ அந்த ஊரில்தான் பையன் குடியிருக்கவேண்டும். பழைய வீட்டைக் கைகழுவியிருக்கவேண்டும். நல்ல அணிக்காகப் பொய்யாய் முகவரி மாற்றுகிறவர்கள் உண்டு என்பதால் அந்த விதியில் ஈவிரக்கம் கிடையாது. மீறினால் பையனுக்கு மட்டுமல்ல, அணிக்கே எல்லா வெற்றியும் போச்சு. கோல்பியோ தினமும் சாப்பிட்டு முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு டோல்பர்ட் போய்விடுவான். அந்தக் காலி வீட்டில், தன் பழைய கட்டிலில் படுத்துவிட்டு விடியுமுன் வருவான். வண்டி கிளம்புகிற சத்தம் லோவெலுக்குக் கேட்கும். ஏன் போகிறாய் என்று அவர் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. இது வெளியே தெரிந்தால் மகனுடைய வெள்ளிக்கிழமை தொலைந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதனால் மேஜையில் வாயே திறக்கமாட்டார்.

அன்றைக்குக் கல்லூரி அணிகளை வைத்துத்தான் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் பஞ்சு ஆலை மேஸ்திரி ரூபன் எஸ்கமியா. இன்னொரு பக்கம் ஹாலிஸ் ட்ரெடவே. ஹாலிஸ் டோல்பர்ட்காரர், எழுபது வயசு. அந்த ஊரில் இருந்த ஒரே காபிக்கடையை மூடிவிட்டதால் வாரா வாரம் எதிரி ஊருக்கு வந்து, எதிரி ஊர் காபியைக் குடித்துக்கொண்டே அந்த ஊரைத் திட்டுகிற மனுஷர்.

"காலேஜ் பிளேஆஃப்ல பன்னெண்டு டீமுக்கு இடம் இருக்கு. உங்க யுனிவர்சிட்டி வருஷா வருஷம் பதிமூணாவதா வாசல்ல நிக்குது. ஒரு பாயை வாங்கி அங்கயே போட்டுக்கச் சொல்லுய்யா" என்றார் ஹாலிஸ்.

"எங்க ஆளுங்க தோத்தது ரெண்டே மேட்ச் பெரியவரே. அதுவும் பெரிய பெரிய டீம்கிட்ட. நீங்க ஜெயிச்சீங்களே, அதெல்லாம் ஒரு டீமா? சர்ச்சுக்கு வந்தவங்களைப் பிடிச்சு ஹெல்மெட் மாட்டி இறக்கிவிட்ட மாதிரி இருந்தானுங்க."

"ஜெயிச்சா ஜெயிச்சதுதான்டா. கமிட்டிக்காரன் கணக்குத்தான் பார்ப்பான், ஜாதகமா பார்ப்பான்?"

"கணக்கா? உங்க ஊர்க் கணக்கு என்னாச்சு? நாலு டீம் பிளேஆஃப் போகுது, டோல்பர்ட் அஞ்சாவது. ஒரு இடத்துல போச்சே! வீட்ல உக்காந்து ரேடியோவுல கேளுங்க."

மேஜை சிரித்தது. ஓரத்தில் உட்கார்ந்து தோசை மாதிரி இருக்கிற பான்கேக்கை வெட்டிக்கொண்டிருந்த கெய்ன்ஸ்கூடச் சிரித்தார். கெய்ன்ஸ் கெரிகன் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கண்காணிப்பாளர். வாத்தியாரிலிருந்து பஸ் டிரைவர் வரை அவர் கையில். சாதாரணமாக இந்தப் பேச்சில் அவர் கலந்துகொள்ள மாட்டார், காதில் மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஹாலிஸுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. காபியைக் கீழே வைத்தார்.

"நீங்க ஜெயிச்சீங்களாக்கும்! ஜெயிச்சது எங்க ஊர்ப் பையன். சின்ன வயசுல இருந்து எங்க மைதானத்துல புரண்டு வளர்ந்தவன். இங்க சொகுசா ஜெயிக்கலாம்னு ஓடி வந்துட்டான். அப்பனும் மகனுமா ராவோட ராவா மூட்டையைக் கட்டிட்டாங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "நாடின் இருந்திருந்தா விட்டிருப்பாளா? அவ டோல்பர்ட்காரி. அவளை மண்ணுல வச்ச ஈரம் காயறதுக்குள்ள ஓடிட்டானே பையன்."

லோவெல் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"யாருய்யா ஓடிவந்தது? என் மகன் எங்கயும் ஓடலை! தினமும் ராத்திரி அவங்க அம்மா வீட்லதான் போய்ப் படுக்குறான். இந்த ஊர்ல ஒரு ராத்திரி தூங்கினது கிடையாது. தெரியுமா உனக்கு? ஒரு ராத்திரி!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஐந்து மாதம் கட்டிக்காத்ததை ஒரு வாய்ச்சண்டையில் போட்டு உடைத்துவிட்டார். 

முதலில் வாய் திறந்தது யார் என்கிறீர்கள்? ஹாலிஸ்தான். கெரிகன் விழுந்தால் அந்த நாலாவது இடம் அவருடைய டோல்பர்ட்டுக்குத்தான் வரும். ஆனாலும் மனுஷருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"எனக்குக் காது மந்தம்பா. நான் ஒண்ணும் கேக்கலை" என்றார்.

"ஆத்திரத்துல என்னமோ உளர்றான்" என்றார் ரூபன். "உக்காருய்யா லோவெல். ஆர்லீன், இவனுக்குக் காபி ஊத்து."

எல்லாரும் கெய்ன்ஸைப் பார்த்தார்கள், ஆனால் நேராகப் பார்க்கவில்லை. கெய்ன்ஸ் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நம் பள்ளியில் தப்பு நடந்தது தெரிந்தால் நாமே போய்ச் சொல்லவேண்டும் என்பது விதி. மறைத்து, பிறகு தெரிந்தால் இன்னும் நாசம். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"லோவெல், எனக்குக் காது நல்லா கேக்குதே. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். குரலில் அழுகை இருந்தது. நிஜமாகவே இருந்தது.

வீட்டுக்குப் போய் லோவெல் மகனிடம் சொன்னார். கோல்பி சமையலறையில் நின்று பாலை ஜாடியோடு குடித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, "சரி" என்றான். திட்டியிருக்கலாம், எதையாவது தூக்கி எறிந்திருக்கலாம். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். லோவெல் அங்கேயே நின்று ஜாடியிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பள்ளி நூலகத்தில் விசாரணை. விசாரிக்கிறவர்கள் யார்? வட்டாரத்தில் எதிர்த்து ஆடுகிற மற்றப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள். தோற்றவர்களே உட்கார்ந்து ஜெயித்தவனுக்குத் தீர்ப்புச் சொல்கிற ஏற்பாடு. இதை எவன் கண்டுபிடித்தானோ! கெய்ன்ஸ் கெரிகன்காரர் என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை, ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். டோல்பர்ட் கண்காணிப்பாளரும் அதில் இருந்தார். தலைமை ஹாப்ஸ் என்ற அம்மாள்.

உள்ளே போகுமுன் கெரிகன் அணியின் பயிற்சியாளர் லோவெலின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டை விக்கணும், சுத்தம் பண்ண அப்பப்போ போய்த் தங்குவான், அன்னைக்குக் கோவத்துல கூட்டிச் சொல்லிட்டேன். இதை மட்டும் சொல்லு. முழுப் பொய்கூட இல்லைய்யா. பையனுக்குக் கடைசி வருஷம்."

லோவெல் அப்படியே சொன்னார். சொல்வதற்குச் சிரமமாகவே இல்லை. வேறு யாரோ தன் வாயை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. ஹாப்ஸ் அம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு பேர் நம்பிவிட்டதாகக்கூடத் தெரிந்தது. பிறகு அந்த அம்மாள் கோல்பி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. சுத்தம் பண்ணத்தான் போனியா?"

கோல்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லை மேடம். தூங்கத்தான் போனேன்."

"இங்க உனக்கு ரூம் இருக்கா?"

"இருக்கு. நல்ல ரூம்தான்."

"அப்புறம் ஏன்ப்பா?"

கோல்பி பொத்தானை விட்டான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"அங்க யாரும் இல்லை மேடம். யாரும் இல்லாத வீட்ல சத்தம் இல்லைன்னா அது சாதாரணம். இங்க அப்பா இருக்கார். இருந்தும் சத்தமே இல்லை. எனக்கு அதுலதான் தூக்கம் வரலை."

ஹாப்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாலும் விதி விதிதான். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. டோல்பர்ட் கண்காணிப்பாளர் மேஜையைப் பார்த்தபடி கடைசியாகத் தூக்கினார். கெரிகனின் எல்லா வெற்றியும் ரத்து. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு நாலாவது அணியாக டோல்பர்ட் போகும். வெளியே பயிற்சியாளர் யாரிடமும் பேசாமல் தன் வண்டிக்குப் போய்விட்டார்.

லோவெலுக்கு அப்போதும் வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு அசிங்கமாக இருந்தது. மகன் ஊரே கேட்க அப்படிச் சொல்லிவிட்டான், அவன் கடைசி வருஷம் மண்ணாய்ப் போய்விட்டது, இவர் மனசோ முதல் ரவுண்டில் யாருக்கு யார் எதிரி என்று ஓடிக்கொண்டிருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறியதும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தார்.  

"டோல்பர்ட் யாரோட ஆடுறாங்க?" என்றுதான் வந்தது.

கோல்பி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். பருத்திக்காடு முழுவதும் அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்தது. ரொம்ப தூரம் போன பிறகு, "ஆத்தங்கரை ஊர் டீமோட" என்றான். "நாப்பது பாயிண்ட்ல தோப்பாங்க."

"நாப்பதா? டோல்பர்ட் டிஃபென்ஸ் அவ்வளவு மோசம்னு சொல்லமுடியாது."

"அப்பா, நீங்க பார்த்தீங்களா இல்லையா? இடது மூலையில ஒருத்தன் நிக்கிறான், அவனுக்கு ஓடவே வராது. நான் அவனைத் தாண்டித்தானே மூணு டச்டவுன் போட்டேன்?"

"மழை பெய்ஞ்சிருந்துச்சுடா அன்னைக்கு. வழுக்கிச்சு."

"எனக்கு மட்டும் வழுக்கலையா?" கோல்பி முழுசாகத் திரும்பிவிட்டான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியலைப்பா. சும்மா பேசுறீங்க."

"நான் அந்த மைதானத்துல ஆடினவன்டா."

"அது எந்தக் காலத்துல!"

கெரிகன் வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்த பிறகும் இருவரும் இறங்கவில்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அந்த இடது மூலைப் பையனுக்காகச் சண்டை போட்டார்கள். பொழுது சாய்ந்தது. கோல்பி தன் வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்தான்.

"நான் கிளம்புறேன்பா. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன."

"நானும் வரேன்" என்றார் லோவெல்.

"அங்க என் கட்டில் மட்டும்தான் இருக்கு. உங்க ரூம்ல அம்மா சாமானெல்லாம் அப்படியே கிடக்கு. நீங்க உள்ள வரமாட்டீங்க."

"உன் ரூம்ல தரையில படுத்துக்கிறேன்."

டோல்பர்ட் வீட்டில் அவரும் நாடினும் இருந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. லோவெல் அதைத் திறக்கவில்லை, அதன் பக்கம் பார்க்கவும் இல்லை. கோட்டைக் கழற்றி, மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் விரித்துப் படுத்தார். எலும்பு குத்தியது. கோல்பி விளக்கை அணைத்தான்.

"வலது மூலைக்காரன் எப்படிப்பா?" என்றான் கோல்பி இருட்டிலிருந்து.

"அவனா? அவன் பரவாயில்லை. ஆனா உயரம் பத்தாது. ஆத்தங்கரைக்காரங்க பந்தை மேல தூக்கிப் போட்டா எட்டமாட்டான்."

"ம்."

"நடுவுல நிக்கிறவன் கெட்டிக்காரன். அவங்க அப்பா என்கூடப் படிச்சவன்..."

"ம்" என்று ஒருதரம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. எட்டு மணிகூட ஆகவில்லை, பையன் தூங்கிவிட்டான். லோவெல் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் விழித்துக்கொள்வானோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. டோல்பர்ட் அணியில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லாரைப் பற்றியும் சொல்லி முடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இடது மூலைக்காரனிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.