காற்றுக்கு எதிர்ப்பக்கம்

பம்பின் வாய் சைக்கிள் டியூபின் மூக்கைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதைப் பிடுங்கிக் கொடுக்கத்தான் என் மனைவி என்னை எழுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். அரைக் கண்ணில் பிடுங்கிக் கொடுத்தேன். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து, "காத்து ரொம்ப அதிகமா இருக்கே," என்றேன்.

"உங்க வாயில இருக்கறதை விடக் கம்மிதான். போய்ப் படுங்க."

போய்ப் படுத்தேன்.

அவள் டிப்போவில் பஸ் டிரைவர். "ஆறு நாள் அறுபது பேரை இழுக்கறேன், ஏழாவது நாள் என்னை மட்டும் இழுத்துக்கறேன்" என்பாள். ஞாயிறுதோறும் நான்கு பேர் கிளம்புவார்கள். வயல்களுக்கு நடுவே மேடு என்பதே இல்லாத ஒற்றைச் சாலைகளில் போய், கால்வாய்க் கரைப் பாதையில் திரும்புவார்கள். முன்னால் போகிறவர் பல் டாக்டர். அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவருக்குப் பின்னால் இவள், அடுத்து டீச்சர், கடைசியில் பெயிண்டர்.

ஒருவர் சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் போகும்போது பின்னால் இருப்பவருக்கு முன்னவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. குழியோ கல்லோ வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் எல்லோரும் அவ்வளவு வேகத்தில் போனார்கள்.

அன்று கால்வாய்க் கரையில் ஓரிடத்தில் மண் சரிந்து குழியாகியிருந்தது. கேப்டன் சட்டென்று ஒதுங்கிவிட்டார். இவள் நேராக அதில் இறங்கினாள். கரைக்கல்லில் தலை மோதித் தண்ணீரில் விழுந்தாள். தூக்கும்போதே உயிர் இல்லை.

"நான் கை காட்டினேன். அவங்கதான் பார்க்கல."

போலீசிடம் கேப்டன் சொன்னது இதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் இதைத்தான் சொன்னார். அவர் கண்ணீர் நிஜம். பெயிண்டர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். டிப்போவிலிருந்து வந்திருந்த கண்டக்டர் அம்மா, இவளோடு பல வருடம் ஒரே வண்டியில் போனவர், அதைக் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டுவாளே! ஒரு நாள் அசந்துட்டாளே, பாவி!"

அதுவே டிப்போவின் பேச்சாகிவிட்டது. புதிதாகச் சேருகிற டிரைவர்களுக்கு அவளை உதாரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு நொடி கவனம் பிசகினால் இப்படித்தான் என்று. இதை என் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஒரு டிரைவர், நான் யார் என்று தெரியாமல், என்னிடமே சொன்னார். அவருடைய கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

டீச்சர் பதினாறாம் நாள் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, அவர் கை காட்டல. தாகத்துக்குத் தண்ணி குடிச்சிட்டிருந்தார். ஒரு கையில பாட்டில், ஒரு கை ஹேண்டில்பார்ல. எந்தக் கையால காட்டுவார்?"

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பெரிய மனுஷன். எங்க அம்மாவுக்கு வைத்தியம் பாக்கறவர். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. டீச்சர் சொல்லி ஊர் நம்புவதில் எனக்கு ஆசையும் இல்லை. அது கேப்டன் வாயிலிருந்து, எல்லோரும் கேட்க வர வேண்டும். ஆளை வாயைத் திறக்க வைப்பது எப்படி என்பது பல் டாக்டருக்குத் தெரிந்த வித்தை. நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. கண்ணாடிக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த உடம்பு. நான் குழுவில் சேர்ந்த முதல் ஞாயிறே பெயிண்டர், "அண்ணே, சைக்கிள் உங்களைச் சுமக்குதா, நீங்க சைக்கிளைச் சுமக்கறீங்களா?" என்றார். மூட்டை என்று பெயரும் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கேப்டனுக்குத்தான் ஏக சந்தோஷம். "தம்பி வந்தது அவங்களே வந்த மாதிரி," என்று அவருக்கு நேர் பின்னால் எனக்கு இடம் கொடுத்தார். அது அவளுடைய இடம். சின்னக் கூழாங்கல்லுக்குக்கூட அவர் கை இப்போது பொறுப்பாகக் கீழே இறங்கியது. இறங்கும்போதெல்லாம் அந்தக் கையை மணிக்கட்டோடு முறிக்க வேண்டும் போலிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்த டீச்சருக்கு நானும் கை காட்டினேன்.

காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் அவரேதான்.

"இங்க மலை கிடையாது தம்பி. காத்துதான் மலை. எதிர்காத்துன்னா முன்னால போறவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம். பக்கவாட்டுல அடிச்சா பின்னால மறைவு கிடைக்காது. காத்துக்கு எதிர்ப்பக்கமா, அது இடது பக்கம் அடிச்சா வலது பக்கமா, சாய்வா நிக்கணும்."

"முன்னால போறவர் அந்தப் பக்கத்து ஓரத்தை ஒட்டியே போனா?"

"அப்ப பின்னால வர்றவனுக்கு நிக்க இடம் ஏது? செத்தான்!" என்று சிரித்தார். "நல்லவன் யாரும் அப்படிப் போகமாட்டான்."

அதற்குப் பிறகு ஒரு வருடம் கடை திறப்பதற்கு முன் தினமும் தனியாகப் போனேன். எதிர்காற்றாகப் பார்த்துப் போனேன். தொடை எரியும்போது அவருடைய முகத்தை நினைத்துக்கொள்வேன். அதைவிட நல்ல மருந்து கிடையாது. சட்டைகள் தொளதொளத்தன. மூட்டை என்ற பெயர் மட்டும் இளைக்கவில்லை.

காற்றுக் காலம் வந்தது. வயல்களுக்கு நடுவே ஒரு நீளச் சாலை உண்டு. மரமும் இல்லை, வீடும் இல்லை, காற்று விலா எலும்பில் வந்து குத்தும். அதன் தொடக்கத்தில், "இன்னிக்கு நான் முன்னால போறேன் சார்," என்றேன்.

"போங்க போங்க! மூட்டை இழுத்து நாங்க எப்பப் பாக்கறது?"

காற்று இடப்பக்கம். நான் வலப்பக்க விளிம்பை ஒட்டிப் போனேன், புல் மிதிபடும் அளவுக்கு. மறைவு தேடி ஒதுங்கினால் கேப்டனின் சக்கரம் மண்ணில்தான் இறங்க வேண்டும். டீச்சரும் பெயிண்டரும் புத்திசாலிகள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தங்களுக்குள் சாய்வாக ஒரு மறைவு அமைத்துக்கொண்டார்கள். கேப்டனால் அது முடியவில்லை. மூட்டையிடம் தோற்பதா? என் பின்னாலேயே முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள போங்க. இடம் குடுங்க."

"அன்னிக்குக் கை காட்டினீங்களா சார்?"

"என்ன?"

"கால்வாய்க் கரையில. கை காட்டினீங்களா?"

"காட்டினேன்னு அன்னிக்கே சொன்னேனே!"

இன்னும் அழுத்தி மிதித்தேன். அவர் என் சக்கரத்திலிருந்து அறுந்து பின்தங்கினார்.

அடுத்த ஞாயிறும் அதுவே. அதற்கடுத்த ஞாயிறும். வேறு பேச்சே கிடையாது, அந்த ஒரு கேள்விதான். பெயிண்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார். கேப்டன் வராமலிருந்திருக்கலாம். வராமலிருந்தால் என்ன அர்த்தம் என்று நாலு பேர் கேட்பார்களே என்று வந்தார். அவருடைய முகம் சுண்டிப்போனது. ஒருமுறை சாலையோரம் நிறுத்தி வாந்தி எடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

காற்று ஊளையிட்ட ஒரு நாள், சாலையின் பாதியில், நான் கேட்பதற்கு முன்பே அவர் குரல் வந்தது.

"இல்ல."

"என்ன இல்ல?"

"காட்டல. தண்ணி குடிச்சிட்டிருந்தேன். போதுமா? இடம் விடுங்க தம்பி."

"எனக்குக் கேக்கல சார். டீக்கடையில சொல்லுங்க."

சாலை முடிகிற இடத்தில் டீக்கடை. அவர் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் வைத்தார். மற்ற இருவரும் வந்து சேரும்வரை காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப சாவு வீட்டுல நான் மாடு மாதிரித் தலையாட்டினேனே சார்," என்றார் பெயிண்டர். டீச்சர், "நானும் பார்த்தேன்," என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"டிப்போவிலயும் இதைச் சொல்லணும்," என்றேன்.

சொன்னார். மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரம், டிரைவர்களும் கண்டக்டர்களும் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்று சொன்னார். நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். கண்டக்டர் அம்மா தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்தார்.

"நீ பல்லு டாக்டரா? முதல்ல உன் நாக்கைப் பிடுங்கி எறி. இத்தனை நாள் அவளைப் போய் என் வாயால தப்பாப் பேச வச்சிட்டியே!"

அதன் பிறகு டிப்போவில் அவளை உதாரணம் சொல்வது நின்றது. நான் கேட்டது அவ்வளவுதான். கிடைத்துவிட்டது.

குழு கலைந்துவிட்டது. டீச்சர் வேறு ஆட்களோடு போகிறார். பெயிண்டர் சைக்கிளை விற்றுவிட்டார். கேப்டன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வருகிறார், அந்தப் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. நானும் வருகிறேன். காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாட்களில், நீளச் சாலையில், அவரைத் தாண்டிப் போய் முன்னால் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் மெதுவாகப் போனால் நானும் மெதுவாகப் போகிறேன்.

போன வாரம் பின்னாலிருந்து கூப்பிட்டார். குரல் கிழிந்து கிழிந்து வந்தது.

"எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே தம்பி. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம் சார்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போனேன்.

அந்தச் சாலையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாகத் தாராளமாகப் போகலாம்.