சத்தம் நின்ற பிறகு

...இல்லை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்றாவது தட்டும் வந்து போயிற்று, தயிரோடு பீட்ரூட், அதற்கு முன் காளான் சூப், அதற்கும் முன் குளத்து மீன் ஒரு துண்டு, எல்லாம் இன்று காலை பறித்தது, பிடித்தது, ஒரு மணி நேரத் தொலைவுக்குள் விளைவதை மட்டுமே சமைப்பதாக அட்டையில் போட்டிருக்கிறார்கள், யார் தோட்டம், யார் குளம் என்பதுவரை இருக்கிறது, சமைப்பவர் பெயர் மட்டும் இல்லை, அவர் அப்படித்தான்... ஏழு தட்டும் முடிந்ததும் மேஜை மேஜையாக வந்து எப்படி இருந்தது என்று கேட்பாராம். அதற்காகத்தானே வந்தாள்? பிறந்தநாளுக்கு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது, மூன்று வருடமாகப் பிரிந்திருக்கும் புருஷனின் கடை ஏன் வாயில் வந்தது? "இத்துனூண்டு பீட்ரூட்டுக்கு இவ்ளோ பெரிய தட்டா? கழுவுறவன் கை என்னத்துக்கு ஆகும்!" என்றாள் அக்கா. "மெதுவா பேசுக்கா." "பசியில சத்தமாத்தான்டி வரும். வீட்லயும் இப்படித்தான் அளந்து வைப்பாரா?" இல்லை, வீட்டில் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார், முதல் கரண்டியை அவளுக்குப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான்காவது தட்டு. சுட்ட பூசணி, மேலே சிவக்கக் காய்ச்சிய வெண்ணெய். வெண்ணெயா... வெண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கிறது, அது கொதித்துத் தீரும்வரை சடசடவென்று சத்தம் வரும், அதுவரை பயமில்லை, தண்ணீர் இருக்கும் மட்டும் சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது, கருகாது. சத்தம் நின்றதும்தான் ஆபத்து, சூடு மளமளவென்று ஏறும், அடியில் தங்கிய பால் துகள் சிவக்கும், மேலே நுரை மூடியிருப்பதால் நிறம் தெரியாது, மூக்கு ஒன்றுதான் துணை. அந்த மூக்கைத்தான் ஒரு காய்ச்சல் அவரிடமிருந்து கொண்டுபோய்விட்டது. நாக்கில் உப்பும் புளிப்பும் நின்றன, வாசனை மட்டும் திரும்பவே இல்லை. சமையல்காரனுக்கு இதைவிடக் கேடு என்ன வேண்டும்... வெளியில் சொன்னால் பிழைப்புப் போச்சு. அவளுக்கோ மூக்குதான் பிழைப்பு, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரைச் சூடாக்கி, மூடியைத் திறந்து, பாசியா, குளோரினா, குழாய்த் துருவா என்று முகர்ந்து எழுதுகிறவள். "உன் மூக்கைக் கொஞ்சம் கடன் குடேன்" என்றார். வேலை முடிந்து வந்து அடுப்பருகே நிற்பாள், அவர் சட்டியைச் சுழற்றுவார், சத்தம் நிற்கும், அப்புறம் இருவரும் மூச்சுகூட விடாமல்... மணம் வந்துவிட்டதென்று அவள் சொன்னதும் சட்டி இறங்கும், அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

அவர் பக்கத்தில் ஒரு நோட்டும் இருந்தது, கடிகாரம் பார்த்து எல்லாவற்றையும் குறித்தார், எத்தனை கிராம், எந்தச் சட்டி, எவ்வளவு தீ, சத்தம் நின்ற பிறகு எத்தனை வினாடியில் அவள் சொன்னாள். வெண்ணெய்க்கு இருபத்திரண்டு. இரண்டு வருடத்தில் நோட்டு நிரம்பியது, ஒரு மாலை அவள் செருப்பைக் கழற்றும்போதே, "இனிமே நீ சிரமப்பட வேணாம், நானே பாத்துக்குவேன்" என்றார். சிரமமா? யார் சொன்னது சிரமம் என்று? அன்றே கேட்டிருக்கலாம், உள்ளே போய்ப் படுத்துவிட்டாள், அப்புறம் அடுப்பங்கரைக்குப் போக ஒரு காரணமும் இருக்கவில்லை, பேச்சு சுருங்கிற்று, அவள் அக்கா வீட்டுக்கு வந்தாள், அவர் அழைக்கவில்லை, இவளாகவும் போகவில்லை...

வாயில் வைத்தாள். உப்பு சரி, பூசணி பஞ்சு. வெண்ணெய்? மறுபடி வைத்தாள். காணவில்லை, அந்த வறுத்த மணம் முழுதாகத் திறக்கவில்லை, இன்னும் பத்து வினாடி தீயில் இருந்திருக்க வேண்டும். கை தவறியதா? அவருக்கா? இல்லை, இது அவளுடைய இருபத்திரண்டு. ஆனால் அவள் மூக்கு பிசகாதே, ஆயிரம் பங்கு தண்ணீரில் துளிப் பாசியைக் கண்டுபிடிக்கிற மூக்கு... மூக்கு பிசகவில்லை. மணம் வருமுன்பே சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும், சொன்னால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார் என்று. அந்த அவசரத்தைத்தான் அவர் நோட்டில் எழுதி, மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து, ஆறு, ஏழு என்ன வந்ததோ. நிமிர்ந்தபோது அவர் நின்றிருந்தார், முன்தலை நரைத்திருந்தது. "வாங்க மாப்ளே, மிச்சப் பசிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்குறோம்" என்றாள் அக்கா. அவர் சிரித்து, இவளைப் பார்த்தார். "எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய் பத்து செகண்டு முன்னாடியே எறங்கிடுச்சு."

"நீ சொன்ன நேரந்தான் அது."

"தெரியும். நான்தான் தப்பா சொல்லியிருக்கேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தார், ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "அப்போ நாளைக்கு..."

"முப்பத்திரெண்டுன்னு மாத்திக்குங்க" என்றாள்.

"சரி" என்றார். பின்மேஜையில் யாரோ கூப்பிட்டார்கள், போனார், அதே கேள்வியை அவர்களிடமும் கேட்டார். அக்கா கைப்பையைத் தேடினாள். நாளைக்கு... மாற்றிவிடட்டுமா என்றுதானே கேட்க வந்தார்? வேறென்ன கேட்பார், அடுப்பருகே வந்து நிற்கிறாயா என்றா? நாளைக்கு என்று தொடங்கி ஒரு மூச்சு விட்டாரே, அந்த மூச்சு முடியும்வரை இவளால் பொறுத்திருக்க முடியாமல் போயிற்றே...